திரியும் மெழுகும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இல்லங்களின் ஒளி வரலாறு

ஓர் இனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்வர். வீட்டு மாடத்தில் நாள்தோறும் எரிந்த விளக்கைச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலர். அதற்குக் காரணமும் உண்டு. விளக்கில் எரிந்த பொருள் அன்றே தீர்ந்துபோயிற்று. எஞ்சிய கரியையும் இல்லத்தரசி மறுநாள் காலையில் துடைத்துவிட்டாள். ஆயினும், ஒரு குடும்பம் எந்த மண்ணில் வாழ்ந்தது, அதன் கைக்கு எட்டிய விளைபொருள் யாது, எதனைக் காசு கொடுத்து வாங்கியது, எதனைத் தானே செய்துகொண்டது என்னும் வினாக்களுக்கு அதன் விளக்கைப் போல் தெளிவாக விடை கூறும் பொருள் வேறொன்று இல்லை எனலாம்.

கோலாலம்பூர், கிள்ளான் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களையும் உள்ளடக்கிய இப்பள்ளத்தாக்கில் தமிழர் குடியேறி நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. இக்காலத்தில் அவர்தம் இல்லங்களில் அகல் எரிந்தது; மண்ணெண்ணெய் எரிந்தது; மெழுகுவத்தியும் எரிந்தது. இம்மூன்றுக்கும் பின்னால் உள்ள உழைப்பின் கதையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இயற்கைப் பொருள்களைக் கொண்டு மெழுகுவத்தியையும் விளக்கையும் வீட்டிலேயே செய்துகொண்ட மரபை அறிவதும் அதனுள் அடங்கும்.

மெழுகை அறிந்தும் எண்ணெயை ஏற்றியவர்

பழந்தமிழர் மெழுகை அறியாதவர் அல்லர். மலையில் தேனெடுத்தோர் அடையைப் பிழிந்த பின் எஞ்சுவது மெழுகே. அனலிடைப்பட்ட மெழுகாய் உள்ளம் உருகுவதாகப் பாடுவது பக்தி இலக்கியத்தில் பெருவழக்கு. தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் இன்றும் சிற்பியர் தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித் திருமேனிகளின் உருவை முதலில் மெழுகில் செய்கின்றனர். அதன்மேல் மண் பூசிச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் யாவும் இங்ஙனம் மெழுகின் வழிப் பிறந்தவையே.

மெழுகின் தன்மையை இத்துணை நுட்பமாக அறிந்திருந்த மக்கள் அதனைத் திரியிட்டு எரிக்காமல் எண்ணெயையும் நெய்யையுமே எரித்தனர். நெடுநல்வாடையில் மகளிர் மாலைப்பொழுதில் இரும்பு விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி வழிபடும் காட்சி இடம்பெறுகிறது. யவனர் செய்த பாவை விளக்கும் அந்நூலில் பேசப்படுகிறது. விளக்கின் வடிவம் கடல்கடந்து வந்தபோதும் அதனுள் எரிந்தது நெய்யே.

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு அளித்த கொடைகள் எண்ணற்றவை. அணையாது எரியும் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். மந்தையில் ஆடுகள் இறப்பினும் புதியன பிறப்பதால் தொகை குறையாது என்னும் கருத்தில் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஒரு சுடர் எரிவதற்கு ஒரு மந்தையும் அதனை மேய்க்கும் ஒரு குடும்பமும் தேவைப்பட்டன என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். விளக்கு எரிவது எண்ணெயால் மட்டுமன்று. எவரோ ஒருவருடைய அன்றாட உழைப்பாலும் ஆகும்.

‘எண்ணெய்’ என்னும் சொல்லே இவ்வரலாற்றைக் கூறும். எள்ளின் நெய் எண்ணெய். பின்னர்த் தேங்காய், ஆமணக்கு, இலுப்பை, புன்னை ஆகியவற்றின் நெய்க்கும் அப்பெயரே பொதுவாயிற்று. விதையிலிருந்து நெய் பிழியும் செக்குத் தொழில் ஊர்தோறும் இருந்த நாட்டில், காட்டில் சிறிதளவே கிட்டும் தேன்மெழுகை எரித்துத் தீர்க்க வேண்டிய தேவை எழவில்லை. அரிய பொருளாகிய மெழுகு உருவுக்கும், எளிய பொருளாகிய எண்ணெய் ஒளிக்கும் பயன்பட்டன.

குளிர்நாட்டு மெழுகுவத்தி

எண்ணெய் வித்துகள் பெருவாரியாக விளையாத வட ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே உழவர் வீடுகளில் ஆட்டுக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் உருக்கி, நூல்திரியை அதில் பலமுறை தோய்த்தெடுத்து வத்திகள் செய்தனர். அவை புகையும் நாற்றமும் மிக்கவை. தேன்மெழுகு வத்தி தேவாலயத்துக்கும் செல்வர் மாளிகைக்கும் உரியதாயிருந்தது. தமிழகக் கடற்கரையில் 16-ஆம் நூற்றாண்டில் கிறித்துவம் பரவியபோது மெழுகுவத்தி வழிபாட்டுப் பொருளாய்த் தமிழர் வாழ்வில் வேரூன்றியது. அதற்குரிய பெயரைத் தமிழ் தன்னிடமிருந்த சொற்களாலேயே அமைத்துக்கொண்டது. மெழுகுதிரி, மெழுகுவத்தி என்னும் பெயர்கள் அப்பொருளின் இரு கூறுகளையும் அப்படியே உரைக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் இத்தொழில் பெரும் மாற்றம் கண்டது. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரூல் கொழுப்பின் கூறுகளை ஆராய்ந்து, அதிலுள்ள கெட்டியான அமிலத்தைத் தனியே பிரிக்கும் வழியைக் கண்டார். ஸ்டியரின் எனப்படும் அக்கூறு வெண்மையானது, கையில் ஒட்டாதது, தெளிவாக எரிவது. லண்டனில் 1830-இல் தோன்றிய பிரைஸ் நிறுவனம் தேங்காய்க் கொழுப்பின் கெட்டியான பகுதியைப் பிரித்து வத்தி செய்ய முற்பட்டது. அதற்கென இலங்கையில் தென்னந்தோப்பும் வாங்கியது. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்தையொட்டி, தேங்காய் ஸ்டியரின் கலந்த மலிவான வத்திகளை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. லண்டன் மாநகரத்துச் சாளரங்களில் இலங்கைத் தென்னையின் கொழுப்பு சுடர்விட்டது.

இங்கே ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுவது. லண்டனில் அது பெரும்பாலான நாள்களில் கட்டியாகவே இருக்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கிள்ளானிலும் பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். ஆகவே, ஒரே தேங்காயின் கொழுப்பு அங்கே வத்தியாக நிமிர்ந்து நிற்கிறது. இங்கே அகலில் கிடக்கிறது. தமிழர் அகலைக் கைக்கொண்டதற்கும் ஐரோப்பியர் வத்தியைக் கைக்கொண்டதற்கும் அறிவின் ஏற்றத்தாழ்வு காரணமன்று. அவரவர் நிலமும் வெப்பமும் விளைபொருளுமே காரணம்.

மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் 1860-61 குளிர்காலத்தில் லண்டனில் இளையோர்க்கு மெழுகுவத்தியைப் பற்றி மட்டுமே தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகவும் வெளிவந்தன. எரிவது திரியன்று, சுடரின் வெம்மையால் உருகிய மெழுகு திரியின் வழியே மேலேறி ஆவியாகி எரிகிறது என அவர் செய்து காட்டினார். அகலில் நிகழ்வதும் அதுவே. அறிவியல் கண்கொண்டு நோக்கின் அகலும் வத்தியும் உடன்பிறப்புகள். ஒன்று முன்னரே உருகிய எரிபொருளைக் கொண்டது. மற்றொன்று எரியும்போது தானே உருக்கிக்கொள்வது.

மலாயாக் காட்டின் ஒளி

தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறுமுன்னரே மலாயா மண்ணுக்கெனத் தனி ஒளி மரபு இருந்தது. காட்டு மரங்களில் வடியும் டாமார் என்னும் பிசினைத் திரட்டி, இலையில் சுற்றிப் பந்தமாக எரித்தனர். இது நம்மவர் குங்கிலியம் என்று கூறும் பொருளின் இனத்தது. ‘லீலின்’ என்னும் மலாய்ச் சொல் மெழுகையும் மெழுகுவத்தியையும் ஒருங்கே குறிக்கும். துவாலாங் போன்ற ஓங்கிய மரங்களில் பெருந்தேனீக்கள் அடை கட்டும். இரவில் மரமேறித் தேனெடுக்கும் வழக்கம் மலாய் மக்களிடையே பழமையானது. அவ்வாறு கிடைத்த மெழுகு விளக்குக்கும் பாத்திக் துணித் தொழிலுக்கும் பயன்பட்டது.

நம் வீட்டு அம்மியில் குழம்புக்கு அரைபடும் புவா கெராஸ் என்னும் கொட்டையும் ஒருகாலத்தில் விளக்காக எரிந்ததுதான். அதன் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். பசிபிக் தீவுகளின் மக்கள் அப்பருப்புகளைத் தென்னை ஈர்க்கில் கோத்து, மேலிருந்து ஒவ்வொன்றாய் எரியவிட்டனர். திரி வேண்டா, கலம் வேண்டா, கொட்டையே வத்தியாயிற்று. ஆங்கிலத்தில் அக்கொட்டைக்கு மெழுகுவத்திக் கொட்டை என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. சமையலறையில் அதனைக் கையாளும் மாணவியர் இச்செய்தியை அறிந்தால் வரலாறு அம்மியிலும் கிடக்கிறது என்பதை உணர்வர்.

செங்கல்லும் மண்ணெண்ணெயும்

1881-இல் கோலாலம்பூரைப் பெருந்தீ அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் சூழ்ந்தது. மரமும் அத்தாப்புக் கீற்றும் கொண்டு கட்டிய வீடுகளுக்குத் தீ எத்தகைய பகை என்பதை ஊர் கண்டுகொண்டது. 1882-இல் சிலாங்கூரின் ஆங்கில ஆட்சியாளராய்ப் பொறுப்பேற்ற சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைப் புதுக்குமாறு பணித்தார். அதற்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற் சூளை அமைத்த இடமே பிரிக்பீல்ட்ஸ். அவ்வூரின் பெயரே தீயின் விளைவாய்ப் பிறந்தது எனலாம்.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரையும் 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் அப்பாதை எட்டியது. அத்துறைமுகமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குகிறது. பாதை அமைக்கவும் பணிமனைகளில் உழைக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். அலுவலகப் பணிக்கு யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். இரு சாராரும் கூடி வாழ்ந்த இடமாய்ப் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. அதே துறைமுகத்தின் வழியே வந்திறங்கியோர் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் பகிர்ந்தனுப்பப்பட்டனர்.

அவர்கள் வந்த காலமும் மண்ணெண்ணெய் மலிந்த காலமும் ஒன்றே. 1892-இல் ‘முரெக்ஸ்’ என்னும் கப்பல் தன் வயிற்றிலேயே மண்ணெண்ணெயைச் சுமந்து சூயஸ் கால்வாயைக் கடந்து கீழ்த்திசைக்கு வந்தது. அதற்குமுன் தகரங்களில் அடைத்துக் கொணர்ந்த எண்ணெய், அதன்பின் கப்பல் கப்பலாகக் குவிந்தது. செக்கெண்ணெய்க்குப் பழகிய குடியானவன் மண்ணெண்ணெய்க்கு மாறினான். எள்ளிலிருந்து பிறந்த சொல் மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருளுக்கும் பெயராயிற்று.

மின்னொளியும் நெடுந்தொலைவில் இல்லை. 1894-இல் ரவாங்கில் தம் ஈயச் சுரங்கத்துக்கென மின்னாக்கியை நிறுவியோர் இருவர். ஒருவர் லோக் இயூ; மற்றவர் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை. மலாயாவில் மின்சாரத்தைப் பயன்படுத்தியதாகப் பதிவாகியுள்ள முதல் நிகழ்ச்சி இதுவே. மறு ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்னொளி பெற்றது. இந்நாட்டில் மின்னொளியின் தொடக்கத்தில் ஒரு தமிழரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது நமக்குப் பெருமைக்குரியது. அப்பெருமையோடு மற்றோர் உண்மையையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் கடன்.

லயத்து விளக்கு

அவ்வுண்மை தோட்டத்து லயங்களில் காணப்பட்டது. இரயில் நிலையம் ஒளி பெற்ற பின்னரும் பல பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளரின் வீடு மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவைக் கழித்தது. சிம்னி வைத்த விளக்கு வாங்க இயலாதோர் தாமே விளக்குச் செய்துகொண்டனர். காலியான பால் டின்னின் மூடியில் துளையிட்டு, பழந்துணியை முறுக்கித் திரியாக நுழைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினால் விளக்கு ஆயிற்று. மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் அவ்வாறே விளக்காயின. அவ்வொளியில் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிப் பாடங்களைப் படித்தனர்; காலையில் எழுந்தால் மூக்கில் கரி படிந்திருக்கும்.

இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வைகறைக் குளிர்ச்சியில். வெயில் ஏறினால் மரத்தின் நீரழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். அதனால் பால்மரம் சீவுவோர் விடியுமுன்னரே பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கோடு மரக்காட்டினுள் புகுந்தனர். மண்ணெண்ணெய் விளக்கும், கார்பைட் கல்லில் நீர் சொட்டி எழும் வாயுவால் எரியும் விளக்கும் அதற்குப் பயன்பட்டன. தொழிலாளிக்கு விளக்கு என்பது வழிபாட்டுப் பொருளாவதற்கு முன்பே தொழிற்கருவியாயிருந்தது.

1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். கப்பல் நின்றது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட பழைய அறிவை மக்கள் மீண்டும் நாடினர். தேங்காய் துருவிப் பாலெடுத்துக் காய்ச்சி எண்ணெய் இறக்கினர். கிண்ணத்தில் ஊற்றித் திரியிட்டனர். செம்பனை எண்ணெய் கிட்டிய இடங்களில் அதுவும் விளக்குக்கு ஊற்றப்பட்டது. சயாம் இரயில் பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் அத்தகைய விளக்குகள் எரிந்தன. வாங்கும் பொருள் வற்றிப்போனபோது, செய்யத் தெரிந்தோர் வீடு மட்டும் இருளவில்லை. வீட்டில் விளக்குச் செய்யும் அறிவை வெறும் பொழுதுபோக்காகக் கருதுவோர் அந்த மூன்றரை ஆண்டுகளை நினைவுகூர்தல் நன்று.

போருக்குப் பின் நகரங்களில் மின்சாரம் விரைந்து பரவியது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலத்து மின்நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் தோட்டங்கள் பலவற்றில் மாலையில் சில மணி நேரம் ஓடி நிற்கும் மின்னாக்கியே இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்வசதி அளிப்பதை முதலாளியின் கடமையாக வகுத்த சட்டம் 1990-இல் வந்தது. ரவாங் சுரங்கத்தில் மின்னாக்கி இயங்கிய 1894-க்கும் இச்சட்டத்துக்கும் இடையே 96 ஆண்டுகள் கழிந்தன.

தென்னமரம் தோட்டம்

மெழுகுவத்தியின் வரலாறு தமிழர் உழைப்போடு நேரே வந்து கலக்குமிடம் சிலாங்கூரிலேயே உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய செம்பனை 1848-இல் நான்கு கன்றுகளாய் ஜாவாவின் போகோர் தாவரவியற் பூங்காவுக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் பரவின. 1917-இல் ஆன்றி பொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். அவரே பின்னாளில் ‘மலேசி’ என்னும் புதினத்தை எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். உலகச் சந்தைக்கு எண்ணெய் வழங்கவிருந்த ஒரு பெருந்தொழிலின் தொட்டிலுக்கு அமைந்த பெயர் தமிழ்ச் செவிக்கு உடனே விளங்குவது.

செம்பனைக் கனியின் சதையிலிருந்து கிட்டும் எண்ணெயைக் குளிர்வித்துப் பிரித்தால் நீர்மப் பகுதி ஒன்றும் கெட்டிப் பகுதி ஒன்றும் கிடைக்கும். கெட்டிப் பகுதி செம்பனை ஸ்டியரின். அதிலிருந்து பெறப்படும் அமிலமே உலகின் பல நாடுகளில் மெழுகுவத்திக்கு மூலப்பொருளாகிறது. ஐரோப்பிய ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கச் செம்பனை எண்ணெயை வத்திக்குப் பயன்படுத்தின. பின்னர்ப் பெட்ரோலியத்திலிருந்து பெறும் பாரபின் மெழுகு மலிவால் முந்திக்கொண்டது. அண்மைக் காலத்தில் இயற்கைப் பொருளை நாடுவோர் மீண்டும் தாவர மெழுகைத் தேடுகின்றனர்.

தென்னமரத்தைத் தொடர்ந்து எழுந்த செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டியோரிலும் உதிர்ந்த பழம் பொறுக்கியோரிலும் தமிழ் ஆண்களும் பெண்களும் பெருந்தொகையினர். தொலைநாட்டு உணவு மேசையில் சுடர்விட்ட வத்தியின் பின்னே அவர்கள் கை இருந்தது. அவர்கள் வீட்டிலோ பால் டின் விளக்கு இருந்தது. நந்தா விளக்கின் பின்னே ஆடு மேய்த்த இடையரைக் கல்வெட்டு குறித்து வைத்தது. இவர்களைக் குறித்து வைக்க வேண்டியவர் நாமே.

வீட்டில் செய்யும் முறை

இனி, இயற்கைப் பொருள்களால் விளக்கும் வத்தியும் செய்யும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். எவ்வகை விளக்காயினும் முதலிடம் திரிக்கே. பஞ்சைக் கொட்டை நீக்கிக் கோதி, விரலில் சிறிது திருநீறு தொட்டு, உள்ளங்கையிலோ தொடையிலோ வைத்துத் திரிப்பது நம் பாட்டியர் முறை. நீறு பஞ்சு வழுக்காதிருக்க உதவுகிறது. வாழைநார், தாமரைத் தண்டு நூல், வெள்ளெருக்கம் பட்டை ஆகியவற்றாலும் திரி செய்வதுண்டு. வத்திக்கு வேண்டிய திரியைப் பருத்தி நூலை மூன்றாகப் பின்னிச் செய்தல் நலம். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகும். 1825 அளவில் பிரான்சில் இது வழக்குக்கு வருமுன், கரிந்த நுனியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது.

தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகும். அதனை நேரே நெருப்பில் வைத்தல் கூடாது. அகன்ற பாத்திரத்தில் நீர் கொதிக்கவிட்டு, அதனுள் மெழுகுக் கலத்தை வைத்து உருக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். திரியை அதில் தோய்த்து எடுத்து, நேராக இழுத்துப் பிடித்து, சற்று ஆறவிட்டு மீண்டும் தோய்க்க வேண்டும். ஒவ்வொரு தோய்ப்புக்கும் மெல்லிய படலம் ஒன்று கூடும். இருபது, முப்பது முறை தோய்த்தால் விரல் பருமன் வத்தி கிட்டும். மெழுகு அளவுக்கு மீறிச் சூடேறினால் முன்படிந்த படலம் கரைந்துவிடும். ஆறிப்போனால் கட்டி கட்டியாய் ஒட்டும். பொறுமையே இத்தொழிலின் முதற்கருவி. மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றுதல் பெருந்தீங்கு. மூடியால் கலத்தை மூடி அணைத்தலே முறை. மாணவர் செய்யுங்கால் ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் நம் வெப்பத்தில் வத்தியாக நில்லாது என்பதை முன்னரே கண்டோம். மூன்று பங்கு தேன்மெழுகை உருக்கி, ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, நடுவே திரி நிறுத்திய மண் அகலில் ஊற்றி ஆறவிட்டால் அது இறுகி நிற்கும். அகலும் மெழுகும் ஒருங்கே அமைந்த விளக்கு அது. திரி மிக மெல்லியதாயின் சுடர் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். மிகத் தடித்ததாயின் புகையும். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தே அளவு அறிதல் கூடும்.

இவ்விரண்டினும் எளியதும் நமக்கே உரியதும் மாவிளக்கு. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவோடு வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, நடுவே குழித்து, நெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுகின்றனர். சுடர் அணைந்தபின் விளக்கையே உண்கின்றனர். கலம், எரிபொருள், உணவு ஆகிய மூன்றும் ஒன்றாகி, எரிந்த பின் திரியின் கரியன்றி வேறு எச்சமில்லாத விளக்கு இது. மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் மாவிளக்கு எடுக்கும் நம் தாய்மார் இந்த அரிய தொழில்நுட்பத்தைக் கடல்கடந்தும் காத்து வந்துள்ளனர்.

இற்றை நாள்

பிரிக்பீல்ட்ஸில் சிறிது தொலைவு நடந்தால் பலவகைச் சுடர்களைக் காணலாம். யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் நெய்விளக்கு எரிகிறது. தேவாலயங்களில் மெழுகுவத்தி எரிகிறது. 1894-இல் சிங்களப் பௌத்தர் அமைத்த சங்கத்தின் மகா விகாரத்தில் விசாக நாளன்று எண்ணெய் விளக்கும் வத்தியும் ஒருங்கே எரிகின்றன. நோன்பு மாதத்தின் இறுதி இரவுகளில் மலாய் மக்கள் தம் வீட்டு முற்றத்தில் பெலித்தா விளக்குகளை வரிசையாக நிறுத்துகின்றனர். சீனர் ஆலயங்களில் செந்நிற வத்திகள் ஒளிர்கின்றன. சமயம் வேறாயினும் சுடரின் முன் மனிதர் நிற்கும் நிலை ஒன்றே.

தீபாவளி நெருங்கும் நாள்களில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அகல் விளக்குகள் குவிந்து கிடக்கும். அவற்றுள் பல முன்னரே பாரபின் மெழுகு ஊற்றி விற்கப்படுபவை. இன்னும் சில மின்கலத்தால் மினுங்குபவை. அகலின் வடிவம் எஞ்சியது; அதனுள் இருந்த எண்ணெயும் திரியும் திரித்த விரலும் மறைந்தன. நேரமின்மையால் அவற்றை வாங்குவோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் சிந்தாத விளக்கு வசதியானதே. ஆனால், வசதிக்காக ஒன்றை வாங்குவதும், செய்யும் வகை அறியாமையால் வாங்குவதும் ஒன்றல்ல. முன்னதில் நமக்குத் தெரிவு உண்டு. பின்னதில் அது இல்லை.

இன்னும் கைவினை முற்றிலும் அற்றுப்போகவில்லை. மின்மினிகளுக்குப் பேர்போன கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கம்போங் குவாந்தான் பகுதியில் தமிழ்க் குயவர் அகலும் பொங்கற் பானையும் வனைந்து வந்துள்ளனர். தென்னமரம் தோட்டம் தோன்றியதும் அதே வட்டாரத்தில்தான். ஓர் அகலும் அதில் எரியத்தக்க எண்ணெயும் ஒரே வட்டாரத்துத் தமிழர் கைகளால் பிறந்தன என்னும் செய்தியைப் பாடநூலில் தேடினால் கிட்டாது.

ஆகவே, தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகைக்கோ தீபாவளிக்கோ முன்னதாக ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்குங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் நான்கு வினாக்களுக்கு விடை கேட்டு எழுதி வரட்டும்: தங்கள் இளமையில் வீட்டில் எந்த விளக்கு எரிந்தது? அதற்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? திரியை யார் திரித்தார்? மின்விளக்கு எந்த ஆண்டில் வந்தது? பால் டின் விளக்கில் படித்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் தரும் விடைகளைத் தொகுத்தால், இப்பள்ளத்தாக்குத் தமிழரின் வரலாற்றில் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு பகுதி எழுதப்பட்டுவிடும். விடைகளை எழுதி முடித்தபின், அதே வகுப்பில் ஒரு பிடி பஞ்சைக் கொடுத்து ஆளுக்கொரு திரி திரிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.